மூன்றாம் சிலிண்டரின் விக்கல்

டாக்சிக்காரரின் பழைய கார் என்ஜின் ஓடியபடி வாசலில் நின்று குலுங்கிய குலுக்கலில், எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நகர்ந்து நகர்ந்து பக்கத்து வீட்டு மாடிக்குக் குடிபோய்விட்டது. தொட்டி யாருக்கு என்று இரண்டு வீட்டாரும் வாய் கிழியச் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு கார் முன்னைவிட மோசமாகக் குலுங்கியது. ஆண்டுப் பரிசோதனைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. இந்த நிலையில் போனால் ஆய்வாளர் வண்டியை நேரே பழைய இரும்புக்கு அனுப்பிவிடுவார். டாக்சிக்காரருக்கோ ஸ்டீயரிங் பிடிப்பதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது.

மற்ற மெக்கானிக்குகள் கைவிரித்ததும் மிஞ்சியவன் மனைவியின் தம்பி. கல்யாணப் போட்டோ சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தில் நின்ற அவனைக் கத்தரித்துப் போட்டவர் டாக்சிக்காரர். அன்றிலிருந்து இருவருக்கும் நேரடிப் பேச்சு கிடையாது.

“அக்கா, இந்த டப்பாவைக் கடைசியா எந்தக் கழுதை தொட்டுச்சுன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு.”

“உன் தம்பி ரிப்பேர் பார்க்க வந்தானா, வாய்ச்சண்டைக்கு வந்தானா? அதைக் கேளு முதல்ல.”

“ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல? நான் என்ன போஸ்ட்மேனா?”

ஸ்பானரின் ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு வசவு என்பது தம்பியின் தொழில்முறை. என்ஜினை ஓடவிட்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பிடுங்கினால் ஓட்டம் தளர வேண்டும். தளராவிட்டால் அந்தச் சிலிண்டர் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று அர்த்தம். மூன்றாவது அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. புது பிளக், புது ஒயர் போட்டான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். விக்கல் நிற்கவில்லை. கழற்றிய பிளக்கைத் துடைத்தபோது அதிலிருந்த கரி அவன் குரலிலேயே “கழுதை” என்றது.

இரண்டு கையும் வேலையாக இருந்ததால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தான். உடனே என்ஜின் தாலாட்டுப் போல ஓடியது. “பார்த்தியா அக்கா, உன் வீட்டுக்காரர் மூஞ்சிக்கு…” என்று டார்ச்சை எடுத்தானோ இல்லையோ, விக்கல் திரும்பிவிட்டது. மறுபடி கவ்விக்கொண்டு தேடினான். காற்றும் பெட்ரோலும் என்ஜினுக்குள் போகும் குழாய் மூன்றாம் சிலிண்டரோடு சேரும் இடத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் வெளிக்காற்றோடு தெருவின் ஏச்சுப் பேச்சையெல்லாம் கார் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பெட்ரோல் எரியும், வசவு எரியுமா?

புது கேஸ்கெட் போட்டார்கள். ஆய்வாளர் ஓடும் வண்டியின் பானெட்மேல் தளும்பத் தளும்ப டீ டம்ளரை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு டீயையும் குடித்தார்.

ஆனால் குடிக்க ஆளில்லாத வசவுகள் தெருவிலேயே தங்கிவிட்டன. துவைத்த சட்டையில் கரியாகப் படிந்தன, உடுத்தியவனை நடுரோட்டில் திட்டின. பால் காய்ச்சினால் திரிந்தது. போன மாதத்துச் சண்டை ஒன்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு யாரையும் ஏறவிடவில்லை. மூன்றாம் நாள் அக்கா குப்பையிலிருந்து பழைய கேஸ்கெட்டைப் பொறுக்கி வந்து தம்பி கையில் திணித்தாள்.

“இதையே மாட்டுடா. உங்க ரெண்டு பேரையும் இந்த வண்டியாவது முழுங்கட்டும்.”

அதன்பிறகு பரிசோதனை நாளுக்கு மட்டும் புது கேஸ்கெட், மற்ற நாட்களுக்குக் கிழிசல் என்று ஏற்பாடாயிற்று. மாற்றும்போதெல்லாம் மச்சான்கள் இருவரும் பானெட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக நின்று, ஆள் வைத்துக்கொள்ளாமல் நேரடியாகவே திட்டிக்கொள்கிறார்கள். தெருவில் யாருக்காவது கோபம் முட்டினால் டாக்சி வீடு திரும்பும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். வந்ததும் என்ஜினை அணைக்க விடாமல் வரிசையில் நிற்பார்கள்.