சர்ஜனுக்குப் போன யானைச் சட்டை

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குச் சூப்பர்வைசராக வந்த மூன்றாவது வாரமே அவள் ஒரு திட்டம் தீட்டிவிட்டாள். வார்டுக்கு ஒரு நிறத்தில் பை. அந்த வார்டுத் துணி அந்தப் பையில் வரும், தனியாகத் துவைபடும், அதிலேயே திரும்பிப் போகும். அவளுக்குக் கீழே ஆறு பேர். அதில் இஸ்திரி மேசைக்காரி அவளுடைய சொந்த நாத்தனார். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அதை எடுத்துச் சொன்ன நேரம்தான் சரியில்லை.

முதலில் திங்கள் காலை எட்டு மணி. இரண்டு நாள் அழுக்குத் துணி தள்ளுவண்டிகளில் குவிந்து வராந்தா வரை வரிசை கட்டி நின்றது. "ஒரே நிமிஷம்" என்று தொடங்கியவள் நாற்பது நிமிடம் பேசினாள். மெஷின்காரருக்கு 'உறுமல்' என்று பட்டப்பெயர். அவர் வாயைத் திறந்தார்.

"பை கலரெல்லாம் இருக்கட்டும்மா. இதை எவன் துவைக்கிறது?"

கூட்டம் கலைந்தது.

அடுத்து சனிக்கிழமை, ஷிப்ட் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில். எல்லார் கண்ணும் கடிகாரத்தில். உறுமல் மட்டும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு ஆளாவது ஒத்துக்கொண்டாரே என்று அவள் பூரித்துப்போனாள். கிட்டே போய்ப் பார்த்தால் தூக்கம்.

"பஸ்ஸு போயிடும் அண்ணி, விட்டுடுங்க" என்று நாத்தனார் கும்பிட்டே விட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. ஆறடி உயரச் சர்ஜன். தனக்கு மாறி வந்திருந்த குழந்தைகள் வார்டுச் சட்டையை, காட்டுவதற்கென்றே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. மார்பில் இரண்டு யானைகள் பந்து விளையாடின.

"இதைப் போட்டுக்கிட்டு நான் ஆபரேஷன் பண்ணவா?"

அவர் வந்த வேகத்திலேயே போனார். போனதும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ரோஷம் வந்தது. உறுமலுக்குத்தான் அதிகம்.

"நாம துவைச்ச துணியைக் காட்டியே நம்மள கேவலப்படுத்திட்டான்யா!"

அன்றைக்குக் குழாய் பழுது. பன்னிரண்டு மணி வரை தண்ணீர் வராது. மெஷின்கள் வாயைப் பிளந்துகொண்டு சும்மா கிடந்தன.

சூப்பர்வைசரின் நாக்கு நுனியில் முழுப் பேச்சும் துறுதுறுத்தது. விழுங்கிக்கொண்டாள்.

"எந்த வார்டுல ஆரம்பிக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

"குழந்தைங்க வார்டுதான் அண்ணி. இப்பவே" என்ற நாத்தனார், கழித்துப்போட்ட பச்சைத் திரைச்சீலையை இழுத்து வெட்டத் தொடங்கிவிட்டாள். உறுமல் தையல் மெஷினைத் தூக்கிவந்தார். தண்ணீர் வருவதற்குள் பதினாலு பை தயார்.

மாதக் கடைசிக்குள் எல்லா வார்டுக்கும் பை போய்விட்டது. நடுவில் இரண்டு முறை துணி மாறியது. இரண்டு முறையும் உறுமலே கண்டுபிடித்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மாடியேறிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நாத்தனார், "அந்தப் பை ஐடியாவே என்னோடதுண்ணா" என்று தன் அண்ணனிடம் அளந்துகொண்டிருந்தாள். மறுத்துச் சொல்ல வாயெடுத்த சூப்பர்வைசருக்கு, வீடு வரை வந்து சொந்தம் கொண்டாடுகிறவள் இனி அந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடமாட்டாள் என்று பட்டது.

"ஆமாங்க, அவளோடதுதான்" என்றாள்.