மேப்பிள் லேனும் மேப்பிள் கோர்ட்டும்

ஹார்லன் குரோவ் நகரத்தில் வாசல் கதவுக்கு இரண்டு பூட்டும் ஒரு கேமராவும் போடுவார்கள். கார் நிறுத்தும் கராஜிலிருந்து சமையலறைக்குள் வருகிற கதவை மட்டும் யாரும் பூட்டுவதில்லை. கராஜ்தான் ரிமோட் இல்லாமல் திறக்காதே, அப்புறம் என்ன என்பார்கள். நாட்டிலேயே பத்திரமான ஊர்களில் ஒன்று என்று ஏதோ ஒரு பத்திரிகை எழுதப்போக, நகராட்சி அதைப் பெரிய பேனராக அடித்து நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்குகிற இடத்தில் தொங்கவிட்டிருந்தது. அந்தப் பேனரைத் தாண்டி வீட்டுக்கு வருகிறவர்கள்தான் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

ஜேனல் ஹாஃப்ஸ்டெட்டர் வீட்டுத் துப்பாக்கி அவள் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவள் கேட்டு வாங்கியதல்ல. கணவன் ரஸ்ஸுக்குக் குளிர்சாதனம் விற்கிற வேலை, வாரத்தில் பாதி நாள் வெளியூர். "நீ பகல் பூரா தனியா கெடக்கே. நான் அங்க நிம்மதியா இருக்க வேணாமா?" என்று வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போய்ச் சுடவும் சொல்லிக்கொடுத்தான். ஜேனல் சாப்பாட்டு அறையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனி வேலை பார்ப்பவள்.

அந்தப் பிப்ரவரியில் தெருக்காரர்கள் பேசிக்கொள்ளும் செயலியில் திருட்டுக் கதையைத் தவிர வேறு பேச்சே இல்லை. வாசலில் வைத்த பார்சலைக் காணோம். முகத்தை மூடிய எவனோ கதவைத் தட்டிவிட்டு ஓடினான். சாம்பல் நிற வண்டி ஒன்று மெதுவாகப் போனது. மெதுவாகப் போவது என்றைக்குக் குற்றமானதோ தெரியவில்லை. இதையெல்லாம் படித்துப் படித்து, தபால்காரர் வந்தாலே ஜேனல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒளிந்து பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் கராஜ் காலி. ரஸ் ஒமாஹாவிலிருந்து பேசினான், சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னான். பேசி முடித்து, போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து வேலையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காலடியில் தரை அதிர்ந்தது. கராஜ் கதவு மேலே ஏறுகிற சத்தம்.

ரஸ் இல்லை. இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒமாஹாவிலிருந்து அவனால் வந்துசேர முடியாது. ரிமோட் வேறு யாரிடமும் கிடையாது.

வண்டி ஒன்று உள்ளே வந்து நின்றது. கதவு மறுபடி இறங்கியது. உள்ளே வந்ததும் இல்லாமல் மூடியும் கொண்டார்களே என்று நினைத்தாள். போன் சமையலறையில். வாசலுக்கு ஓட வேண்டுமென்றாலும் சமையலறையைக் கடந்துதான் ஓட வேண்டும். இழுப்பறையைத் திறந்தாள். எடுக்கும்போது துப்பாக்கி பேனாக்களோடு உரசிக் கடகடத்தது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, கதவில்லாத அந்த நிலைவழியாக எட்டிப் பார்த்தாள்.

முழங்கால் வரை கறுப்புக் கோட்டு, தலையை மூடிய குல்லாய், முகத்தைச் சுற்றிக் கம்பளித் துணி. ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆள் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே துழாவியது. திருடன் முதலில் ஃப்ரிட்ஜைத் திறப்பானா என்று யோசிக்கிற புத்தி ஜேனலிடம் அப்போது இல்லை. பிறகு அந்தக் கை ஒரு இழுப்பறையைத் திறந்தது, மூடியது, அடுத்ததைத் திறந்தது. அதிலிருந்து இறைச்சி வெட்டும் பெரிய கத்தியை எடுத்தது.

ஜேனல் இரண்டு கைகளாலும் துப்பாக்கியைத் தூக்கினாள். கறுப்புக் கோட்டின் நடு முதுகுக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினாள்.

டிக்.

அவ்வளவுதான். அதே நேரம் ஃப்ரிட்ஜுக்குள் தானாக உறைகிற ஐஸ் கட்டிகள் சடசடவென்று விழுந்தன; அந்த டிக் அதில் அமுங்கிப் போனது. அந்த ஆள் திரும்பவில்லை. கத்தியால் ஒரு பையின் டேப்பைக் கீறிக்கொண்டே, சலித்துக்கொண்ட பெண் குரலில் கூப்பிட்டது.

"வேய்ன்! இந்த ஆரஞ்சு ஜூஸ யாரு வாங்கினது? கத்திய வேற எடம் மாத்தி வச்சிருக்கே. உன்னோட மாரடிக்க முடியல."

பதில் வராததால் அவள் திரும்பினாள். கம்பளித் துணியை இறக்கினாள். அறுபதைத் தாண்டிய, குளிரில் மூக்கு சிவந்த ஒரு அம்மாள். ஜேனல் அதற்குள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தாள். எப்படிக் கொண்டுபோனாள் என்று அவளுக்கே தெரியாது.

"நீ யாரு கண்ணு? என் வீட்டுல என்ன பண்றே?"

"இது... இது என் வீடு."

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரில் ஜேனலும் ரஸ்ஸும் கல்யாண உடையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அட கடவுளே. இது மேப்பிள் கோர்ட் இல்லியா?"

"மேப்பிள் லேன். கோர்ட் அடுத்த தெரு."

"அடப் பாவமே. எல்லா வீடும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி கட்டி வச்சா, பனியில எவளுக்குக் கண்ணு தெரியும்? அந்தக் கட்டடக்காரன் ரிமோட்டக்கூட ஒண்ணாவே குடுத்திருக்கான் பாரேன். நான் டார்லா. நானும் எங்க வீட்டுக்காரர் வேய்னும் இங்க குடி வந்து ஒரு மாசம்கூட ஆகல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜூஸைத் திரும்ப வைத்து, வந்ததும் உள்ளே வைத்துவிட்டிருந்த தன் பாலை வெளியே எடுத்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"முதுகு வலி கண்ணு. குனிஞ்சா நிமிர முடியல. உன்னை பயமுறுத்திட்டேனா?"

"இல்ல... பரவால்ல."

"என்ன பொறுமை உனக்கு. வேற எவளாவது இருந்தா ஊரக் கூட்டியிருப்பா. நீ ஒரு சத்தம் போடலியே." கிட்டே வந்து ஜேனலை இறுகக் கட்டிக்கொண்டாள். ஜேனல் இடது கையால் மட்டும் அந்த முதுகைத் தொட்டாள். கோட்டு ஈரமாக இருந்தது. வலது கை பின்னாலேயே இருந்தது. எங்கே ஜன்னல் கண்ணாடியில் தெரிந்துவிடுமோ, கீழே விழுந்துவிடுமோ என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். "பயந்து பயந்துதான் வந்தோம். நல்ல ஊருதான் போ," என்றாள் டார்லா.

சாயங்காலம் ரஸ் வந்ததும் ஜேனல் சொன்னாள். ஆரஞ்சு ஜூஸ் வரை வந்தபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரிமோட்டை நாளைக்கே மாற்றிவிடலாம் என்றான்.

"நான் துப்பாக்கிய எடுத்தேன் ரஸ்."

"நல்ல வேலை பண்ணினே. அதுக்குத்தானே வச்சிருக்கு."

"அழுத்திட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. எழுந்து போய்த் துப்பாக்கியை எடுத்தான். கைப்பிடிக்குள் குண்டுகள் அத்தனையும் நிறைந்திருந்தன. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தான். குழலுக்குள் ஒன்றுமில்லை. இழுத்து விட்டால்தான் குண்டு உள்ளே ஏறும். அவனுக்கும் முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் பிரியமாகவே பேசினான்.

"இழுக்க மறந்துட்டே, அவ்வளவுதான். பயத்துல எல்லாருக்கும் வர்றதுதான். இங்க பாரு, அடுத்த தடவை முதல்ல இப்படி இழுத்து விட்டுட்டு, அப்புறமா..."

ஜேனல் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவன் நீட்டியதை அவள் வாங்கவில்லை.

"அவங்களுக்கு முதுகு வலி ரஸ்," என்று சொல்லிவிட்டு அழுதாள். "பாலை எடுக்கவே குனிய முடியல அவங்களால."