கற்பகம் போட்ட கொசுறு

சீனாவுக்கு ஒரு கண்டெய்னர் போகும்போதெல்லாம் வடகரப்பதியில் கற்பகத்தின் தென்னைநார்த்தூள் களம் ஒரு சாண் உயர்ந்தது. முதல் மூன்று சாணை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏழாவது சாணில் பஞ்சாயத்து ஆள் வந்து டேப் பிடித்து அளந்தார். உயரத்துக்கு நிகுதி வரி உண்டா என்று மேலே எழுதிப் போட்டார். பத்தாவது சாணில் களம் லாரி டிரைவர் ராஜசேகரின் தலைக்கு மேலே போய்விட்டது.

"ஏனுங்க்கா, லாரிக்கு றெக்கையா கட்டறது?" என்றான் அவன்.

பதினோராவது லோடு அடுத்த வெள்ளிக்குள் கொச்சித் துறைமுகம் சேராவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும். களத்தில் நார்த்தூளைக் கட்டியாக அழுத்தும் பதினாலு பெண்களும் பழையபடி கோவை மில் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதுதான். கற்பகமும் ஓட வேண்டும். பதினேழு வருஷம் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள் அவள்.

சீனாவில் சரக்கை வாங்கும் லின்னை வீடியோவில் கூப்பிட்டாள். அவர் பத்துச் சாண் பள்ளத்துக்குள் நின்றிருந்தார். அவர் பேசியதை அவருடைய செல்போன் செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது: "நாங்கள் கேட்டது வருகிறது. கேட்காத ஒன்றும் வருகிறது."

கற்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்ணி ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு கண்டெய்னரிலும் ஒரு கட்டி கொசுறு போடுவாள். காய்கறிக்காரர் கறிவேப்பிலை போடுவதில்லையா, அதுபோல. விற்ற சரக்குக்கு ஈடு வந்துவிட்டது. கொசுறுக்குத்தான் ஒன்றும் திரும்பி வரவில்லை.

லின் உடனே பத்து டப்பா தேயிலையை விமானத்தில் அனுப்பினார். "நம்ம மலையில இல்லாத தேயிலையாக்கும்?" என்று தேயிலை விளையும் பீர்மேட்டில் வாக்கப்பட்ட கற்பகத்தின் தங்கை கோபித்துப் போனை வைத்துவிட்டாள். வியாழக்கிழமை கற்பகம் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் களத்தில் வைக்க வைக்க, ஒவ்வொரு சாணாக அது தரைக்கு இறங்கியது. பதினாலு பெண்களும் சிரித்தும் அழுதும் லாரியில் லோடு ஏற்றினார்கள்.

இனிமேல் கொசுறே கிடையாது என்றுதான் கற்பகம் நினைத்திருந்தாள். ஆனால் கதவைச் சாத்தும்போது மனசு கேட்கவில்லை. பத்து டப்பா வாங்கிக்கொண்டு வெறும் லோடையா அனுப்புவது? இரண்டு கட்டியைத் தூக்கி உள்ளே போட்டாள்.

லின்னும் பதிலுக்கு அனுப்ப, அதிலிருந்து களம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பஞ்சாயத்தும் சராசரி உயரத்துக்கு நிகுதி போட்டுவிட்டது. ராஜசேகர் லாரியை எடுக்கும் முன் போன் செய்வான்.

"அக்கா, இன்னிக்கு மேலயா, கீழயாங்க?"

கற்பகம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். "முட்டி உசரந்தான் தம்பி, வாங்க."