மூன்றாம் ஓலை

1

இந்தக் கதை ஒரு கல்லில் விட்டிருந்த காலி இடத்திலிருந்து பிறந்தது. கறுப்புக் கல். மேலே சிலுவை, அதன் கீழே 'ஜீவமணி', பிறப்பு, இறப்பு. அதற்கும் கீழே ஒரு வரிக்கு இடம். கல் வெட்டுகிற மாரிராஜ் போன் செய்தார்.

"டீச்சர், அந்த வரியில என்னத்தப் போட?"

"மனைவின்னு போடுங்க."

"யாரு மனைவின்னு?"

"ஈவாஞ்சலின் மனைவின்னு."

அந்தப் பக்கம் கல் அறுக்கிற மெஷினை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அது நீங்கல்லா?" என்றார்.

நான்தான்.

2

வேறு மாதிரித் தொடங்கிப் பார்த்தேன்.

துறைமுகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிய அந்த —

வேண்டாம். ஜீவமணி அந்தத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவள். "அங்க லைட்டு மொத்தமா எரியும்ளா, ஒண்ணொண்ணா எரிய அது என்ன கிறிஸ்மஸ் மரமா?" என்பாள்.

முத்துக் குளித்த இந்தக் கடற்கரையில், சிப்பிக்குள் மறைந்த முத்தைப் போல நாங்கள் —

இதற்கு என்னையே குட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் மறைந்திருக்கவில்லை. தூத்துக்குடி நடுவில், ஒரே வீட்டில், ஒரே மீன்சட்டியில் வாழ்ந்தோம். தெரு எங்களை 'ரெண்டு டீச்சரம்மா' என்றது. நான் வணிகவியல் டீச்சர். அவள் டீச்சரே இல்லை. தெருவுக்கு ஏதோ ஒரு சொல் தேவைப்பட்டது, கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டது.

அவள் தம்பி பிரைட்டனுக்குத்தான் சொல்லே கிடைக்கவில்லை. "ஒங்கள நான் என்னன்னு கூப்பிட?" என்று ஒருநாள் கேட்டான். "அக்கா வீட்டுக்காரர அத்தான்னுதானல கூப்பிடணும்? கூப்பிடு" என்றாள் ஜீவமணி. அவன் சோற்றுத் தட்டோடு அடுக்களைக்குள் ஓடிவிட்டான். கடைசிவரை 'டீச்சர்' என்றே கூப்பிட்டான்.

3

(இந்தப் பகுதியைக் கட்டுரை மாதிரி எழுத நினைத்தேன். ஜீவமணி குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறாள்.)

எங்களைப் போன்றவர்களின் திருமணத்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டியது பாராளுமன்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். டிவிக்கு முன்னால் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாளா, டெல்லியில இருந்து டெல்லிக்கே தள்ளி விட்டுட்டாங்க."

"பாராளுமன்றம்தான் செய்யணும். அதுதான் முறை" என்றேன்.

"ஏன், சனத்துட்ட ஓட்டுக்கு விட்டா என்ன? அயர்லாந்துல சனம் ஓட்டுப் போட்டுத்தான கொண்டுவந்துச்சு. நம்ம சனம் மட்டும் கெட்ட சனமா?"

"நல்ல சனம்தான். ஓட்டுப் பெட்டி பக்கத்துல போனாத்தான் மாறிப்போவும். நம்ம கோயில் சபை எலெக்சன்ல பாக்கலியா?"

"நான் நின்னு ஜெயிச்சேம்லா?"

"நீ வீடு வீடாப் போயி சீலாமீன் கொழம்பு தின்னு ஜெயிச்ச."

"இதுக்கும் போயித் திங்கேன். நாலு சீலா கூடப் போவும், அவ்வளவுதான?"

"எதுத்த வீட்டு ஜெயபிரியா கல்யாணத்துக்கு எந்த ஊருளா ஓட்டுப் போட்டுச்சு? நமக்கு மட்டும் எதுக்கு?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சரி, பாராளுமன்றத்துல இருக்கவன் மட்டும் ஒனக்கு மாமன் மச்சானா?"

"இல்ல. ஆனா அவன் எந்திரிச்சு நின்னு, பேரோட, காரணத்தோட பேசணும். பெட்டியில போடுத ஓட்டுக்குக் காரணமே வேண்டாம்."

"அவன் இன்னும் எந்திரிக்கவே இல்லியேளா."

இன்றுவரை அவன் எழவில்லை.

அவள் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு ரெண்டும் வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழம கோயில்ல நம்ம ஓலைய வாசிச்சாப் போதும்."

(ஓலை தெரியாதவர்களுக்கு: எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், நியாயமான தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. காகிதத்தில்தான் எழுதுவார்கள், பெயர் மட்டும் ஓலை. மூன்று முறையும் யாரும் எழவில்லை என்றால் ஊர் சம்மதித்ததாக அர்த்தம்.)

சென்ற தை மாதம் அவளுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. இந்த வாக்கியத்தைப் பெரிதாக்கி எழுத முயன்று —

4

கல்லறைத் தோட்டத்தில் நடுகிற கல்லின் வாசகத்தைச் சபைக் கமிட்டி பார்க்க வேண்டும் என்பது விதி. என் வரியைப் பார்த்த கமிட்டி, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டத்தைக் கூட்டியது.

எங்கள் குருவானவர் தேவதாசன் ஐயர் நல்ல மனிதர். (அவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும். எனக்குச் சுலபம் வேண்டாம்.) "டீச்சர், 'அன்புத் தோழி'ன்னு போட்டா ஒருத்தருக்கும் வருத்தமில்லையே" என்றார்.

"எனக்கு வருத்தம், ஐயா."

கமிட்டிச் செயலாளர் கிருபாநிதி அண்ணாச்சி எழுந்தார். "எதுக்கு வம்பு? ஓட்டுக்கு விட்டுருவோம். மனைவின்னே இருக்கட்டும்ங்கவங்க ஒருக்கா கையத் தூக்குங்க."

திரும்பிப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் அசைந்தன. ஜீவமணி குழம்பு சாப்பிட்ட வீடுகள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தன. ஜெயபிரியா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், பயப்படாதீங்க என்பது போல. பாதித் தூக்கிய கைகள், தூக்கப் போகும் கைகள். நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்று எனக்குப் புரிந்தது. ஜீவமணி சொன்னதுதான் சரி, இது நல்ல சனம்.

ஜெயிப்போம் என்று தெரிந்ததால்தான் எழுந்தேன்.

"யாரும் கையத் தூக்க வேண்டாம்" என்றேன். என் வகுப்புக் குரல் வந்துவிட்டது. கைகள் இறங்கின. "நீங்க கையத் தூக்கிக் குடுத்தா, அடுத்த கமிட்டி வந்து கையத் தூக்கி எடுத்துக்கிடும். நான் அவகூட வாழ்ந்ததுக்கு மெஜாரிட்டி தேவப்படல. அதக் கல்லுல சொல்லவும் மெஜாரிட்டி தேவையில்ல."

"பின்ன எப்படித்தான் முடிவு பண்ண?" என்றார் அண்ணாச்சி.

"ஒங்க எல்லாக் கல்யாணத்துக்கும் எப்படி முடிவு பண்ணினீங்களோ, அப்படி."

பீடத்தின் படியில் ஏறினேன். ஐயர் தடுக்கவில்லை, விலகவும் இல்லை. வாசித்தேன். கையில் காகிதம் இல்லை. "நாசரேத் காலஞ்சென்ற தலைமையாசிரியர் சாமுவேல் மகள் ஈவாஞ்சலினுக்கும், சாத்தான்குளம் காலஞ்சென்ற ஜேசுதாசன் மகள் ஜீவமணிக்கும் கல்யாணம். இதுக்கு நியாயமான தடை தெரிஞ்சவங்க எந்திரிச்சு, பேரச் சொல்லி, காரணத்தச் சொல்லுங்க. இது முதலாம் ஓலை."



ஆண்கள் பக்கத்தில், மூன்றாம் வரிசையில், பிரைட்டன் எழுந்தான்.

5

இந்த இடத்தை இரண்டு விதமாக எழுதிக் கிழித்தேன்.

ஒன்றில் அவன், "எங்க குடும்ப மானத்த வாங்காதீங்க" என்று கத்துகிறான். அவன் மகள் பெனிஷாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், கத்துவதற்கு அவனுக்குக் காரணம் இருந்தது. இன்னொன்றில் ஓடிவந்து 'அத்தான்' என்று காலைக் கட்டிக்கொள்கிறான். (இது என் ஆசை. ஆசையைக் கதையில் போட்டால் மணம் வந்துவிடும், சென்ட் மணம்.)

நடந்தது இது.

"பேரு பிரைட்டன்" என்றான், எல்லோருக்கும் தெரிந்திருந்தும். நான் அப்படித்தான் கேட்டிருந்தேன். தொண்டையைச் செருமினான். "எங்க அப்பா வெறும் ஜேசுதாசன் இல்ல. உபதேசியார் ஜேசுதாசன். ஒங்க அப்பாவுக்கு மட்டும் தலைமையாசிரியர்னு வாசிச்சீங்க. ஓலையில பட்டத்த விடக் கூடாது."

உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, இதுவால தடை?" என்றார் கிருபாநிதி அண்ணாச்சி.

"எனக்கு இருந்த தடை அதான், அண்ணாச்சி."

யாரோ சிரித்தார்கள். அதன்பின் யாரும் எழவில்லை. ஐயர் ஆசீர்வாதம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். எந்தத் தீர்மானமும் எழுதப்படவில்லை.

(கற்பனை செய்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பேன்.)

6

அடுத்த ஞாயிறு கல்லறைத் தோட்டத்தில், கல் இல்லாத மண்மேட்டின் முன் நின்று இரண்டாம் ஓலையை வாசித்தேன். உபதேசியார் பட்டத்தோடு. ஜெயபிரியா வந்திருந்தாள். பிரைட்டன் கேட்டுக்கு வெளியே, பைக்கை நிறுத்தாமல் ஓடவிட்டபடி இருந்தான். வாசித்து முடிக்கும்வரை போகவில்லை.

மாரிராஜ் அந்த வரியை வெட்டிவிட்டார். நாளைக் காலை கல் வண்டியில் ஏறுகிறது. கமிட்டி கேட்டைத் திறக்கலாம், பூட்டியும் வைக்கலாம். எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன். பூட்டியிருந்தால் கல்லின் பக்கத்தில் நானும் நிற்பேன் என்பது மட்டும் தெரியும்.

இந்த வகைக் கதைகளில் இங்கே வந்ததும், முடிவு உங்கள் கையில் என்று வாசகரிடம் கொடுத்துவிடுவார்கள். நான் தரப்போவதில்லை. தந்தால் அது ஓட்டு. ஓலை வேறு. அதற்கு உங்கள் காது போதும்.

நாசரேத் காலஞ்சென்ற தலைமையாசிரியர் சாமுவேல் மகள் ஈவாஞ்சலினுக்கும், சாத்தான்குளம் காலஞ்சென்ற உபதேசியார் ஜேசுதாசன் மகள் ஜீவமணிக்கும் கல்யாணம். நியாயமான தடை தெரிந்தவர்கள் எழுந்து நின்று, பெயரைச் சொல்லி, காரணத்தைச் சொல்லலாம். இது மூன்றாம் ஓலை.

கையைத் தூக்கியிருந்தால், அது எங்களுக்கு ஆதரவாகவே இருந்தாலும், கீழே போடுங்கள்.