நூல் எட்டிய தூரம்

ஸ்பெயினில், கொர்தோபாவில் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டிய ஃபுல்ஹென்சியோ, தன் மகளோடு பேசி மூன்று வருஷமாகிறது. நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில் வேலை என்று அரசெலி கிளம்பிய அன்று, “உனக்கு வேற ஊரே கிடைக்கலையா?” என்று கத்தியவர்தான். அதற்கப்புறம் அவள் போன் செய்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன வாரம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

“நான் போறேன். நீ வந்தா வா, வராட்டி இங்கயே கெட” என்றாள் மனைவி ரெமெதியோஸ். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட் ஏஜென்சிக்கு அவள் பின்னாலேயே போனார்.

“எந்த வழி கிட்டம்?” என்று மேஜைக்குப் பின்னால் இருந்த நியேவெஸ் அம்மாளிடம் கேட்டார்.

“பறக்குற தூரமா? கிழக்க போனாலும் மேற்க போனாலும் ஒண்ணுதாங்க.”

“பஸ்காரன்கிட்டயே கதை விடுறீங்களா? குறுக்கு வழி இல்லாத ஊர் எங்க இருக்கு?”

“இவரு குறுக்கு வழின்னு கூட்டிட்டுப் போய்த்தான் எங்க கல்யாணத்துக்கே லேட்டாச்சு” என்றாள் ரெமெதியோஸ்.

நியேவெஸ் சிரித்துக்கொண்டே கண்ணாடி அலமாரியிலிருந்த உலக உருண்டையை எடுத்து வைத்தாள். ரெமெதியோஸ் பையிலிருந்த கம்பளி நூலில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தாள். ஃபுல்ஹென்சியோ ஒரு முனையைக் கொர்தோபாவில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைக் கிழக்கே இழுத்தார். ஹாமில்டன் வந்த இடத்தில் நூலைக் கிள்ளிப் பிடித்தார். மேற்கே இழுத்தார், அதே இடம். வடதுருவத்தின் மேலாக, பிறகு ஆப்பிரிக்காவைத் தாண்டித் தென்துருவத்தின் வழியாக. நூலில் நகம் ஊன்றிய இடம் இம்மியும் மாறவில்லை.

“அந்த ஊர் நமக்கு நேர் கீழ, பூமியோட மறுபக்கம். கிட்டத்தட்ட இருபதாயிரம் கிலோமீட்டர்” என்றாள் நியேவெஸ். “அதுக்கு மேல தள்ளிப் போகணும்னா பூமியில இடமில்ல.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உருண்டையை விட்டு விரலை எடுக்கவில்லை.

“அப்போ... அவ அங்கேருந்து எந்தப் பக்கம் காலெடுத்து வெச்சாலும், நம்மகிட்ட வர்ற மாதிரிதானா?”

“ஆமாங்க. எந்தப் பக்கம் வெச்சாலும்.”

ரெமெதியோஸ் அவர் தோளில் கை வைத்தாள்.

மார்ச் மாதம் கிழக்கு வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் மகள் நின்றிருந்தாள்.

“நான் பண்ணது தப்பும்மா” என்றார் ஃபுல்ஹென்சியோ.

“உள்ள வாங்கப்பா. கால் வீங்கியிருக்கு பாருங்க” என்று அரசெலி அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் நடுப்பகலில் தோட்டத்தில் நின்றவர், வடக்கே நிற்கும் சூரியனையும் தெற்கே விழுந்திருக்கும் தன் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். கொர்தோபாவில் நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கேதான் விழும்; அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு நிழலை அவர் பார்த்ததே இல்லை.

“அரசெலி!” என்று கூப்பிட்டார். “சீக்கிரம் குழந்தையத் தூக்கிட்டு வா. இதைப் பாரு!”