இரண்டாம் வாளி

ஜோதிலிங்கத்துக்கு அழுகையே வரவில்லை. மனைவி இந்திராணி டைபாய்டில் போய் நாற்பது நாள் ஆயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மனுஷர் டிபன் கேரியரோடு ஆபீஸ் பஸ்ஸில் ஏறிவிட்டார். டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வாய்கள் சும்மா இருக்குமா? கல் நெஞ்சுக்காரர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் அவள்மேல் தனக்குப் பிரியமே இல்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் உள்ளே அரித்தது.

தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா நாடகங்களுக்கு அவர்தான் பாட்டு எழுதுவார். இந்த முறை மனைவியைப் பறிகொடுத்த ஒரு வாத்தியார் கதை. சங்கத்தார் தயங்கினார்கள், இவரே கேட்டு வாங்கினார். எழுதும்போதாவது அழுகை வராதா என்ற நப்பாசைதான். வரவில்லை.

ஆர்.கே.புரத்தில் ஒத்திகை. டைரக்டர் ராமமூர்த்தி காகிதத்தைப் பார்த்துவிட்டு எகிறினார். "என்ன சார் இது? ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. ஜனங்க எழுந்து போயிடுவாங்க!"

பாடவேண்டிய விஜயலக்ஷ்மி காகிதத்தை வாங்கி மெல்லப் பாடிப் பார்த்தாள்.

"விடிந்தது, எழுந்தேன், வெந்நீர் வைத்தேன்.
முதல் வாளி காய்ந்தது, இரண்டாம் வாளியும் காய்ந்தது.
நேரத்துக்கு பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்."

சட்டென்று நிறுத்தினாள். "வாத்தியார் தனி ஆள்தானே சார்? ரெண்டாவது வாளி யாருக்கு?"

"இந்திராணிக்கு. அவளுக்குப் பச்சைத் தண்ணி ஒத்துக்காதும்மா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. நாற்பது நாளாக, இந்த டில்லிக் குளிரில், தினமும் ஹீட்டர் ராடை முதல் வாளியிலிருந்து எடுத்து இரண்டாவதில் போட்டிருக்கிறார். சாயங்காலம் வந்து ஆறின தண்ணீரைக் கொட்டியிருக்கிறார். ஏன் என்று ஒரு நாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

ஜமக்காளத்தில் அப்படியே உட்கார்ந்து, மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதார். ஒரு சொட்டுக் கண்ணீர் கேட்ட ராமமூர்த்தி, இத்தனை வந்ததும் என்ன செய்வதென்று புரியாமல் நின்று, கடைசியில் டீ வாங்கிவர ஓடினார். அழ அழ நெஞ்சு லேசானது.

"பிரியம் இருந்திருக்கும்மா," என்றார் விஜயலக்ஷ்மியிடம், தொலைத்த சாவி பையிலேயே கிடைத்தவரைப்போல. "நிறைய இருந்திருக்கு."

பாட்டில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. மறுநாள் காலையிலும் இரண்டு வாளி வெந்நீர் வைத்தார். இரண்டையும் தானே தலையில் ஊற்றிக்கொண்டு, ஆசை தீரக் குளித்தார்.