மஞ்சக்காமாலை என்றார்கள்

தையல்நாயகி வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே வந்தாள். செத்துக் கிடப்பவன் அவளுடைய தம்பி வெற்றிவேல். கூட்டேரிப்பட்டுச் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரியோடு இன்னொரு பாட்டு. அடுத்து அருணாவின் முறை. செத்தவனின் பெண்டாட்டி அவள். எழவு வீட்டில் முதலில் கட்டி அழ வேண்டியதே அவளைத்தான். நாத்தனார் வருவதைப் பார்த்து அருணா கைகளை லேசாக விரித்துக்கூட விட்டாள். தையல்நாயகி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போய், தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த யாரோ ஒருத்தியைக் கட்டிக்கொண்டாள். ஒப்பாரியில் ஒரு வார்த்தை பிசகவில்லை.

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அருணா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கையில் புது வளையல்கள் குலுங்கின. காலையில் யாரோ ஒரு தட்டில் கண்ணாடி வளையலும் பூவும் குங்குமமும் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். புருஷனைத் தூக்குவதற்கு முன்னால் பெண்டாட்டியைச் சிங்காரித்து உட்காரவைத்து, பிறகு அதையெல்லாம் பிடுங்கிப் போடுவது அந்த வகையறாவின் வழக்கம். சிங்காரிக்க யாரும் கிட்டே வரவில்லை. அவளே பூவை வைத்துக்கொண்டாள், பச்சையும் சிவப்புமாக வளையலைப் போட்டுக்கொண்டாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லைதான். மூன்று வருஷமாக அவளுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, துணி காயப்போடத் தனிக் கொடி. எழவு அன்றைக்கு மட்டும் மாறிவிடும் என்று நினைத்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

காயத்ரி வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்த வினை. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் மாசமாக இருக்கிற எல்லோருக்கும் எடுப்பது போல அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு நாள் கூப்பிட்டு அனுப்பி, நம்பிக்கை மையம் என்று போர்டு மாட்டிய அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். இருதயமேரி என்கிற அம்மாள்தான் பொறுமையாகச் சொன்னார். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எச்.ஐ.வி. இருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம், மாத்திரை இருக்கிறது, பயப்படாதே என்றார். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கும் பார்த்துவிடுவோம் என்றார். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்று யோசித்துக்கொள்ளவும் சொன்னார்.

அருணா யோசிக்கவில்லை. மயிலத்தில் பஸ் இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்து, அழுதுகொண்டே எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். கணக்கு எல்லோருக்கும் விளங்கிவிடும் என்று நம்பினாள். அவள் கிளியனூரில் பிறந்து இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நடுவில் வேறு எங்கேயும் போனதில்லை. வெற்றிவேல் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிக்காரன். வருஷத்தில் பாதி ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் பூமியைத் துளைத்துக்கொண்டு கிடப்பவன். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

வீட்டார் வேறு கணக்குப் போட்டார்கள். யார் ரத்தத்தைப் பார்த்தார்கள்? அருணா ரத்தத்தை. யாருக்கு நோய்? அருணாவுக்கு. வெற்றிவேலுக்கு யாரும் பார்க்கவில்லை, ஆகவே அவனுக்கு இல்லை. பிள்ளை சுமக்கிறதனால்தான் பொம்பளைக்கு முதலில் பார்க்கிறார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. முதலில் தெரியவந்தவள் முதலில் கொண்டுவந்தவள் ஆகிவிட்டாள். வெற்றிவேலின் அண்ணன் மாசிலாமணி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, எங்க தம்பி ரத்தம் பால் மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஒன்றரை வயதில் அதற்கும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் தெருவில் ஒரு மரியாதையும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் காயத்ரியோடு விளையாட வந்தால் தாய்மார்கள் அவர்களைப் பேர் சொல்லித் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கிளியனூரில் அருணாவின் அப்பா துரைக்கண்ணு வந்துபோவதையே நிறுத்திவிட்டார். பொங்கல் சீரைக்கூடக் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினார். அம்மா இல்லாத பெண்ணை வளர்த்தவர் அவர். மற்றவர்கள் பேசினதையெல்லாம் அருணா விழுங்கிவிட்டாள். சீர்ப் பையைக் கண்டக்டர் பஸ் படியில் வைத்துத் தள்ளிவிட்டதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அதனால் அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வெற்றிவேல் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். அவன் இளைத்துக்கொண்டே போனான், இருமினான், வாயெல்லாம் வெள்ளைப் புண். நோய் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்லி அப்பா காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். கேட்டுக் கேட்டு அலுத்தாள். நீ கெட்டது போதாதா, என்னையும் அங்கே கூட்டிப்போய் நிறுத்தணுமா என்று ஆரம்பத்தில் கத்தினான். பிறகு கத்துவதற்குத் தெம்பு இல்லாமல் போயிற்று. வீட்டில் மஞ்சக்காமாலை என்று பேர் வைத்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அவன் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான், நேற்று, திண்டிவனத்துக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் பார்த்த பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எச்.ஐ.வி.யும் பார்க்க வேண்டும், நோயாளி சம்மதிக்க வேண்டும் என்றார். நர்ஸ் வந்து அவன் கையில் ரப்பர் குழாயைக் கட்டினாள். வெற்றிவேல் கையை உதறினான். அந்த ஒன்றுக்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தது. நர்ஸ் குழாயை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, நீ கொஞ்சம் பேசிப் பாரும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். மாசிலாமணி டீ குடிக்கப் போயிருந்தான்.

"ஒரே ஒரு தடவ குடுய்யா," என்றாள் அருணா. "எனக்கோசரம் வேணாம். காயத்ரிக்கோசரம் குடு."

அவன் கூரையைப் பார்த்துப் பேசினான்.

"எனக்குத் தெரியும்டி," என்றான். "நாந்தான் கொணாந்தேன். நான் போய்ட்றவன். எங்கம்மா ஊர்ல தல நிமுந்து நடக்கணுமில்ல?"

"அப்ப நானு?"

வெற்றிவேல் கையை முஷ்டியாக மூடிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பேசிக்கொண்டதில் அதுதான் கடைசி. சாயங்காலம் மாசிலாமணி கையெழுத்துப் போட்டு வேனில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். விடிகிற நேரத்துக்கு உயிர் போயிற்று. அருணாவுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டில் எது முன்னால் வந்தது என்று அவளாலேயே சொல்ல முடியாது.

வெயில் ஏறியபோது துரைக்கண்ணு வந்தார். மருமகன் சாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்தே ஆக வேண்டும். அதைக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்ப முடியாது. கக்கத்தில் புடவைப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு பந்தல் ஓரத்தில் நின்றார். மூன்று வருஷத்தில் தலை முழுக்க வெளுத்துவிட்டிருந்தது. மகள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவள் பார்த்ததும் பாடை கட்டுகிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் பெஞ்சு போட்டு உடம்பைக் கிடத்தினார்கள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைப்பதற்கு வரிசை கட்டி நின்றார்கள். அண்ணன்காரன் முதலில் தேய்க்க வேண்டும். மாசிலாமணி தோளில் போட்டிருந்த பெரிய துண்டை முன்னால் இழுத்து, அதன் மறைவிலேயே தம்பி தலையில் எண்ணெய் வைத்தான். என் தம்பி, என் சிங்கம் என்று வாய் ஓயாமல் அரற்றினான். சீயக்காய்க் கிண்ணத்துக்காகக் குனிந்தபோது துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

அவன் கைகளில் கேரி பேக் மாட்டியிருந்தது. மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தான்.

அருணா அதையே பார்த்தாள். இவனுக்குத் தெரியும். எப்போதோ தெரியும். தெரிந்துகொண்டேதான் டீக்கடையில் உட்கார்ந்து அப்படிப் பேசியிருக்கிறான். அவள் எழுந்து நின்றாள். பொம்பளைகள் ஒப்பாரியை நிறுத்தினார்கள்.

"மாமா," என்றாள். "மஞ்சக்காமாலைக்கு எதுக்கு மாமா கையில கவரு?"

மாசிலாமணி நிமிர்ந்தான். கூட்டமும் அப்போதுதான் அவன் கையைப் பார்த்தது.

"கையில வெட்டுக்காயம்மா," என்றான். மூன்று வருஷத்தில் அவன் அவளை அம்மா போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

"ரெண்டு கையிலயுமா?"

மாசிலாமணி துண்டை எடுத்துக் கைகளை மூடிக்கொண்டான். அருணா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வரிசை குலைய ஆரம்பித்தது. முன்னால் நின்றவன் கோதண்டபாணி, வெற்றிவேலோடு ஒரே போர் வண்டியில் ஊர் ஊராகப் போனவன். எண்ணெய் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அவன் பெண்டாட்டி பொம்பளைகள் கூட்டத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்குத் திடீரென்று பாடைக்கு மூங்கில் போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது, போன் பேச வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பெஞ்சைச் சுற்றி யாரும் இல்லை. தலையில் சீயக்காய் நுரையோடு வெற்றிவேல் வெயிலில் கிடந்தான்.

மாமியார்தான் தள்ளாடி எழுந்து போய், அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு மகன் தலையில் ஊற்றினாள். வெறும் கையால் அவன் முகத்தை வழித்துவிட்டாள். ஊற்றி முடித்துச் சொம்பை வைத்துவிட்டு அருணாவைப் பார்த்தாள்.

"இப்ப ஒனக்கு மனசு குளுந்துச்சா?"

குளிரவில்லை. குளிரும் என்றுதான் மூன்று வருஷம் காத்திருந்தாள். இப்போது ஈரம் சொட்டிய அந்த முகத்தைத் துடைத்துவிடத்தான் தோன்றியது. அதே சமயம், இன்னும் யாரும் அவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை என்பதையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அவனுக்கு இருந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அவளுக்கு இல்லை என்று ஆகிவிடுமா என்ன?

எடுக்கிற நேரம் நெருங்கியது. நேரம் ஆவுது, பொம்பளைங்க வேலைய ஜல்தியா முடிங்க என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அருணாவை வாசலில் மணைப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். தாலி பதினாறாம் நாள். வளையலை இப்போதே உடைக்க வேண்டும். தாலியறுத்த பெண்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து, வளையலோடு வளையலை மோதி நொறுக்குவார்கள். நாத்தனார் பூவைப் பறித்துப் போடுவாள். உடைக்கும்போது எப்படியும் கண்ணாடி கீறி ரத்தம் வரும். எல்லாக் கைம்பெண்ணுக்கும் வந்ததுதான்.

அருணா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

யாரும் பிடிக்கவில்லை. கூட்டேரிப்பட்டுச் சித்தி தையல்நாயகியைப் பார்த்தாள். தையல்நாயகி வேறொருத்தியைப் பார்த்தாள். அவளோ, எனக்குக் கை நடுங்கும் என்றாள். பார்வை சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் வளையலில் நின்றது.

"நீயே ஒடச்சிக்க, அருணா," என்றாள் தையல்நாயகி.

"பூவ நானே வெச்சிக்கினேன் அண்ணி. வளையல நானே போட்டுக்கினேன்," என்றாள் அருணா. "ஒடைக்கறது நீங்க."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. மேளம் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பிறகு மாசிலாமணி எங்கிருந்தோ, தூக்குங்கடா என்று கத்தினான். பாடை தெரு முனையில் திரும்பும் வரை அவள் கை அப்படியே நீண்டிருந்தது. காற்றில் வளையல்கள் லேசாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒன்றில் விரிசல்கூட இல்லை.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். துரைக்கண்ணு போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, புடவையோடு மகளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"சொன்னேன்ப்பா. கிளியனூருக்கு வந்து ஒங்க காலண்டதான் ஒக்காந்து சொன்னேன்."

அவர் கோடிப் புடவையை அவள் தோளில் போர்த்தினார். விரல் படாமல் போர்த்தினாரா, பதற்றத்தில் அப்படி ஆயிற்றா என்று அருணாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் திரும்பிப் பார்க்கவுமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். போய்ட்டு வர்றேன் என்று எழவு வீட்டில் சொல்லக் கூடாது, சொல்லாமலே போனார்.

பெண்டாட்டிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் மற்றவர்கள் வேலைதான். அதற்கும் யாரும் வரவில்லை. அருணா பூவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, கோடிப் புடவையைக் கொடியில், தன் தனிக் கொடியில் போட்டுவிட்டு, கொல்லைப்புறத்துக்குக் குடத்தோடு போனாள். அங்கே இருந்த அடிபம்பு வெற்றிவேல் போட்டது. கல்யாணமான வருஷம் முதலாளியிடம் கெஞ்சி வண்டியைக் கொண்டுவந்து, அவனே நின்று துளை போட்டான். காயத்ரி பின்னாலேயே ஓடி வந்து, அம்மாவின் வளையலை ஆசையாகத் தொட்டுப் பார்த்தது. இவ்வளவு வளையலை அது அம்மா கையில் பார்த்ததே இல்லை.

அருணா அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கை வளையலும் சலசலவென்று குலுங்கின. உள்ளே பேச்சுக் குரல்கள் அடங்கின. மறுபடி அடித்தாள், மறுபடி குலுங்கின.

"யாராச்சும் போயி அந்த வளையல ஒடைங்களேண்டி," என்று உள்ளேயிருந்து மாமியார் அழுதாள். "காதால கேக்க முடியலியே."

யாரும் எழுந்து வரவில்லை. குடம் நிறைந்தது. அருணா அதை நகர்த்திவிட்டு, இன்னொரு குடத்தை எடுத்து வைத்தாள்.